எண்ணெயும் எச்சரிக்கை விளக்கும்

மோட்டார் வண்டியின் சாவியைத் திருகியவுடன் ஓட்டுநர் முன்னேயுள்ள பலகையில் சிறு விளக்கு ஒன்று சிவப்பாக எரிகின்றது. எஞ்சின் ஓடத் தொடங்கிய ஓரிரு நொடிகளில் அது அணைந்துவிடுகின்றது. எண்ணெய்க் குவளை ஒன்றின் மூக்கிலிருந்து துளி சொட்டுவது போன்ற வடிவம் அதில் வரையப்பட்டிருக்கும். பெரும்பாலோர் அதனைப் பார்த்திருப்பர். அது எதனை அறிவிக்கின்றது என்று கேட்டால் பலரும் தயங்குவர். இவ்விளக்கு எவ்வாறு வந்தது, பழைய எஞ்சின் ஒன்றிலிருந்து எண்ணெய் எவ்வழிகளில் மறைகின்றது என்பவற்றைப் பற்றியே இன்று பேசப் போகின்றேன்.

இதனைப் பேச ஒரு மெக்கானிக்கை அழைத்திருக்கலாமே, ஓய்வு பெற்ற தலைமையாசிரியரை அழைப்பானேன் என்று நீங்கள் எண்ணக்கூடும். எனக்கு இதில் உள்ள தகுதி ஒன்றே. நான் ஒரு நல்ல எஞ்சினை என் கையாலேயே பாழாக்கியவன். அக்கதையைப் பின்னர்ச் சொல்வேன்.

என் இளமை கிராமத்தில் கழிந்தது. பாட்டனாரின் மாட்டு வண்டியில் அச்சுக்கு அருகே மூங்கில் குழாய் ஒன்று தொங்கும். வைக்கோலைச் சுட்டுக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை அதனுள் இருக்கும். மை வற்றினால் சக்கரம் கிறீச்சிடத் தொடங்கும். அடுத்த தெருவில் இருப்பவர்கூட, "மை போடக் கூடாதா?" என்று கேட்பர். ஆகவே மாட்டு வண்டிக்கு எச்சரிக்கை விளக்கு வேண்டியதில்லை. வண்டியே வாய்விட்டு அழுதுவிடும். மோட்டார் எஞ்சின் அவ்வாறன்று. அதன் குறையை ஓசையாகக் கேட்கும்போது காலம் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் நம் கதை பிறக்கின்றது.

உராயும் இடத்தில் வழுவழுப்பான பொருளை இடவேண்டும் என்பது மிகப் பழைய அறிவு. எகிப்து நாட்டில் ஜெகுதிஹோத்தெப் என்னும் அதிகாரியின் கல்லறையில், ஏறத்தாழ 3,900 ஆண்டுகளுக்கு முன்னர்த் தீட்டப்பட்ட ஓவியம் ஒன்று உண்டு. மாபெரும் சிலை ஒன்றைச் சறுக்குக் கட்டை மேல் ஏற்றிப் பல வரிசை ஆட்கள் கயிறு கட்டி இழுக்கின்றனர். சிலையின் காலடியில் நிற்கும் ஒருவன் மட்டும் இழுக்கவில்லை. அவன் முன்னே உள்ள தரையில் ஏதோ நீர்மத்தை ஊற்றிக்கொண்டிருக்கின்றான். மசகிடுவோன் ஒருவனின் மிகப் பழைய படங்களுள் அஃது ஒன்று. அதற்குப் பின் பல நூற்றாண்டுகள் விலங்குக் கொழுப்பும் தாவர எண்ணெயுமே இவ்வேலையைச் செய்துவந்தன. அவற்றை விரைந்து கடந்து நீராவி எஞ்சினுக்கு வருவோம்.

இரயில் எஞ்சின்கள் ஓடத் தொடங்கிய காலத்தில் அவற்றை அடிக்கடி நிறுத்தி, ஆள் ஒருவன் எண்ணெய்க் குவளையோடு சுற்றிவந்து பல பாகங்களுக்கும் எண்ணெய் இடவேண்டியிருந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் சென்ட்ரல் இரயில்வேயில் அவ்வேலையைச் செய்தவர்களுள் ஒருவர் எலைஜா மெக்காய். அவருடைய பெற்றோர் கெண்டக்கி மாநிலத்தில் அடிமைகளாக இருந்து தப்பிக் கனடாவுக்கு ஓடியவர்கள். மகனை ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு அனுப்பி எஞ்சினியரிங் படிக்க வைத்தனர். படித்துத் திரும்பியவருக்குக் கறுப்பினத்தவர் என்பதால் எஞ்சினியர் வேலை கிடைக்கவில்லை. உலையில் கரி தள்ளும் வேலையும் எண்ணெய் இடும் வேலையுமே கிடைத்தன. அந்த வேலையிலிருந்தே அவர் கண்டறிந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நீராவியின் அழுத்தத்தால் சிறிது சிறிதாக எண்ணெய் செலுத்தும் கருவிக்கு 1872ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். அவர் காலத்துச் சமூகம் அவரைக் குவளை ஏந்த வைத்தது. அவரோ அக்குவளையே வேண்டாதபடி செய்துவிட்டார். பாடநூல்களில் அவர் பெயர் இன்னும் பெரிதாக இடம்பெறவில்லை என்பது எனக்கு உள்ள குறை.

1859ஆம் ஆண்டு பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் கிணறு தோண்டி எண்ணெய் எடுத்த பிறகு, கனிம எண்ணெய் மலிவாகக் கிடைக்கலாயிற்று. நம் நாட்டிலும் அஸ்ஸாமின் டிக்பாயில் 1889இல் எண்ணெய் கிடைத்தது. ஆனால் எண்ணெய் கிடைத்ததே தவிர, அது எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை ஒருவரும் சரியாக அறிந்திருக்கவில்லை. இரு உலோகங்களுக்கு இடையே வழுக்கலாக ஏதோ இருக்கின்றது, அவ்வளவே எண்ணம்.

அந்த அறியாமையைப் போக்கியது ஒரு மரத்துண்டு. இங்கிலாந்தின் மெக்கானிகல் எஞ்சினியர்கள் கழகம் உராய்வை ஆராய 1879இல் ஒரு குழுவை அமைத்தது. ஆராய்ச்சியைச் செய்தவர் போஷாம் டவர் என்னும் எஞ்சினியர். இரயில் வண்டியின் அச்சைப் போன்ற ஓர் உருளையைச் சுழலவிட்டு, அதன் மேற்புறத்தில் பித்தளைத் தாங்கி ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் பாரம் ஏற்றினார். உருளையின் அடிப்புறம் எண்ணெயில் தோய்ந்திருந்தது. தாங்கியின் உச்சியில் எண்ணெய் ஊற்றுவதற்காக ஒரு துளை இட்டார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் விந்தை ஒன்று நிகழ்ந்தது. மேலிருந்து எண்ணெய் ஊற்றவேண்டிய துளையின் வழியே, கீழிருந்து எண்ணெய் பொங்கி வந்தது! துளையைத் தக்கையால் அடைத்தார். தக்கை மெல்ல வெளியே தள்ளப்பட்டது. மரத்துண்டை அடித்து இறுக்கினார், அதுவும் தள்ளப்பட்டது. பின்னர் அவ்விடத்தில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்தினார். சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு வரை காட்டக்கூடிய அந்த மானியின் முள், எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. அவர் ஏற்றியிருந்த பாரமோ சராசரியாகச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான்.

நாங்கள் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது, எதிர்பாராத விளைவு ஒன்று சோதனையில் வந்தால் மாணவனைத் திட்டாதீர்கள் என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். டவர் தாம் அடைத்த தக்கையைத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் 1883இல் கண்டதைக் கண்டபடி எழுதினார். குழாயில் ஓடும் நீரைப் பற்றிய ஆராய்ச்சியால் உங்களுக்கு அறிமுகமான ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், 1886இல் அதற்குக் கணித விளக்கம் அளித்தார். உருஷிய நாட்டில் நிக்கொலாய் பெத்ரோவும் 1883இலேயே இவ்வழியில் சிந்தித்திருந்தார்.

அவர்கள் கண்ட உண்மை இது. சுழலும் தண்டு தன்னைச் சுற்றியுள்ள எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு, குறுகிய இடைவெளிக்குள் ஆப்புப் போலச் செலுத்துகின்றது. அவ்வாறு நெருக்குண்ட எண்ணெயில் தோன்றும் அழுத்தம் தண்டையே தூக்கி நிறுத்துகின்றது. நன்றாக ஓடும் எஞ்சினில் இரும்பை இரும்பு தொடுவதில்லை. தண்டு எண்ணெயின் மேல் மிதக்கின்றது. அந்த இடைவெளியோ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். எண்ணெய் வருவது நின்றால் அப்படலம் கிழிகின்றது. நிமிடத்துக்கு 3,000 முறை, அதாவது நொடிக்கு 50 முறை சுழலும் தண்டு உலோகத்தைத் தேய்க்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எனவே, எண்ணெய் நிற்காமல் வரவேண்டும். அதற்கு வழி பம்ப். பர்மிங்காம் நகரத்து பெல்லிஸ் அண்டு மார்க்கம் என்னும் கம்பெனியைச் சேர்ந்த ஆல்பர்ட் பெய்ன், 1890இல் விரைவாக ஓடும் நீராவி எஞ்சினின் தாங்கிகளுக்குப் பம்ப் மூலம் அழுத்தத்தோடு எண்ணெய் செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மோட்டார் வண்டிகளில் இம்முறையை முற்பட எடுத்தாண்டவர்களுள் பிரடெரிக் லான்செஸ்டர் சிறந்தவர். ஆனால் இது பரவுவதற்குக் காலம் பிடித்தது. முற்காலத்து மோட்டார் வண்டிகள் பலவற்றில் கண்ணாடிக் குழல்கள் வழியாகத் துளித்துளியாக எண்ணெய் விழும். நிமிடத்துக்கு எத்தனை துளி என்று ஓட்டுநர் எண்ணிப் பார்த்துத் திருகாணியைச் சரிசெய்வார். விழுந்த எண்ணெய் தன் வேலை முடிந்து எரிந்தோ ஒழுகியோ போய்விடும். இன்று நாம் குறையென்று கருதும் எண்ணெய் இழப்பு, அன்று எஞ்சினின் இயற்கையாகவே இருந்தது.

முதல் உலகப் போரில் பறந்த விமானங்கள் பலவற்றில் இது உச்சத்தை எட்டியது. நோம் முதலிய சுழல் எஞ்சின்களுக்கு விளக்கெண்ணெய்தான் மசகு. பெட்ரோல் அதில் எளிதில் கரைவதில்லை என்பது காரணம். உள்ளே சென்ற எண்ணெய் முழுவதும் புகையாகவும் திவலையாகவும் வெளியே வந்து விமானியின் முகத்தில் படியும். பாட்டனாரின் மூங்கில் குழாயிலிருந்த அதே ஆமணக்கின் எண்ணெய்! இங்கிலாந்தில் வேக்பீல்டு கம்பெனி 1909இல் தன் மசகெண்ணெய்க்குச் சூட்டிய காஸ்ட்ரால் என்ற பெயரும், ஆமணக்கெண்ணெயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததே.

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு அதிகமாக விற்ற போர்டு கம்பெனியின் டி மாடல் வண்டியில் பம்பே கிடையாது. சுழல்சக்கரம் எண்ணெயை வாரி இறைக்கும். அது ஒரு குழாய் வழியே முன்பக்கம் ஓடி எல்லா இடத்தையும் நனைக்கும். எண்ணெய் இருக்கின்றதா என்று அறிய, வண்டியின் அடியில் குனிந்து இரு சிறு குழாய்த் திருகுகளைத் திறந்து பார்க்கவேண்டும். மேல் திருகில் எண்ணெய் வந்தால் நிறைய உண்டு. கீழ்த் திருகிலும் வராவிட்டால் ஆபத்து. துன்பமான முறைதான். ஆயினும் அதில் ஒரு நன்மை இருந்தது: ஓட்டுபவன் எண்ணெயைத் தன் கண்ணால் கண்டான்.

பம்ப் வந்ததும் அழுத்தமானியும் வந்தது. 1849இல் பாரிஸ் நகரத்து யூஜீன் பூர்தோன் காப்புரிமை பெற்ற வளைகுழாய் மானியே அதற்கு அடிப்படை. வளைந்த தட்டைக் குழாய்க்குள் அழுத்தம் கூடினால் அது நிமிர முயலும். அந்த அசைவு முள்ளை நகர்த்தும். மானியைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அது நோயாளியின் நாடி போன்றது. இன்று 45 பவுண்டு, சென்ற மாதம் 50 என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் வண்டி வாங்கியவர்கள் எல்லோரும் முள்ளைப் பார்த்துக்கொண்டா ஓட்டினார்கள்? 1930களில் அமெரிக்காவின் ஹட்சன் கம்பெனி மானியை எடுத்துவிட்டு அவ்விடத்தில் விளக்கை வைத்தது. மற்றக் கம்பெனிகளும் செலவு குறைவதைக் கண்டு காலப்போக்கில் பின்பற்றின. முள்ளின் பொருளை அறிந்த பழைய ஓட்டுநர்கள் இதனை வெறுத்து, 'மடையர் விளக்கு' என்று பொருள்படும் பெயரிட்டு அழைத்தனர். அப்பெயர் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. எனக்கு அவ்வெறுப்பு முழுவதும் உடன்பாடன்று. கவனியாத முள்ளைவிடக் கண்ணில் குத்தும் விளக்கு மேல். ஆனால் விளக்கு எதனைச் சொல்கின்றது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

அதன் அமைப்பு எளியது. எண்ணெய் ஓடும் வழியில் ஒரு சிறு சுவிட்சு திருகப்பட்டிருக்கும். அதற்குள் மெல்லிய தகட்டுச் சவ்வும், அதனை எதிர்த்துத் தள்ளும் வில்லும் உண்டு. எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது வில்லின் கை ஓங்கி மின்சுற்று மூடப்படும், விளக்கு எரியும். அழுத்தம் வந்தால் சவ்வு விலகி மின்சுற்று அறுபடும், விளக்கு அணையும். பல பழைய வண்டிகளில் இது சதுர அங்குலத்துக்கு ஐந்து முதல் பத்துப் பவுண்டுக்குள் நிகழ்கின்றது. இதிலிருந்து இரண்டு செய்திகள் விளங்கும். முதலாவது, இவ்விளக்கு அழுத்தத்தை அறிவிப்பதேயன்றி எண்ணெயின் அளவை அறிவிப்பதன்று. நான்கு லிட்டரில் இரண்டு லிட்டர் போனபின்பும் பம்பின் வாய் எண்ணெயில் மூழ்கியிருந்தால் விளக்கு வாய் திறவாது. இரண்டாவது, ஓடும்போது 40 பவுண்டு இருக்கவேண்டிய அழுத்தம் 15 ஆகக் குறைந்தாலும் அது பேசாமலேயே இருக்கும். ஓடுகின்ற வண்டியில் அது சிவந்து நின்றால் ஊர் போய்ச் சேர்ந்து பார்ப்போம் என்று எண்ணுவதற்கு இடமில்லை. ஓரங்கட்டி அந்த நொடியே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

இனி என் கதை. 1994ஆம் ஆண்டு, நான் அப்போது புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் பௌதிக ஆசிரியன். என் தந்தையார் விட்டுச்சென்ற பழைய கார் ஒன்று இருந்தது. எந்தக் கம்பெனியுடையது என்பது வேண்டாம், குற்றம் வண்டியுடையதன்று. வண்டி நிற்கும்போது அதன் செவ்விளக்கு மினுக்கத் தொடங்கியது. மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். அவர் சுவிட்சைத் தொட்டுப் பார்த்து, "அழுத்தமெல்லாம் சரியா இருக்கு சார், சுவிட்சுதான் கசியுது. புதுசு ஊரில் கிடைக்காது, சொல்லி அனுப்புறேன்" என்றார். அதுவரை விளக்குத் தொந்தரவு செய்யாதிருக்கட்டும் என்று கம்பியைக் கழற்றித் தொங்கவிட்டார். நானும் சரியென்றேன். கண்ணை உறுத்தும் விளக்கு நின்றதில் எனக்கு மகிழ்ச்சியே. புதிய சுவிட்சு வரவில்லை, நானும் கேட்கவில்லை, இரண்டு மாதம் ஓடிவிட்டது.

திருச்சிராப்பள்ளியில் நடந்த அறிவியல் கண்காட்சிக்கு நான்கு மாணவர்களை அந்த வண்டியில் அழைத்துச் சென்றேன். ஊசி மருந்துக் குழல்களில் நீர் நிரப்பிப் பாரம் தூக்கும் இயந்திரம் ஒன்றை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி செய்திருந்தாள். அதனை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் அமர்ந்திருந்தாள். கீரனூர் தாண்டும்போது எஞ்சினின் மேற்புறத்தில் தட்டச்சு அடிப்பது போன்ற ஓசை கேட்டது. பிள்ளைகளின் பேச்சொலியில் அதனைப் பொருட்படுத்தவில்லை. சிறிது தொலைவில் அடியிலிருந்து கனத்த தட்டல் வந்தது. பிறகு வண்டி தானே தளர்ந்து, ஒரு முனகலோடு நின்றது. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

மூடியைத் திறந்து பார்த்தேன். அளவுக் கோலில் ஒரு துளி எண்ணெய் இல்லை. கசிந்துகொண்டிருந்த சுவிட்சின் உடல் வழியில் வெடித்து, பம்ப் தள்ளிய எண்ணெய் முழுவதையும் வீதியில் இறைத்துவிட்டது. அடிப்புறமெல்லாம் எண்ணெய். அந்தச் சுவிட்சின் பக்கத்திலேயே நாங்கள் கழற்றிய கம்பி தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மாணவி எட்டிப் பார்த்து, "சார், அழுத்தம் குறைந்தால் விளக்கு எரியும் என்று சொன்னீர்களே, ஏன் எரியவில்லை?" என்று கேட்டாள். கம்பியைக் கழற்றியதைச் சொன்னேன். சற்று நேரம் தன் மடியிலிருந்த குழல்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் எரியாத விளக்குக்கு இரண்டு பொருள் சார்" என்றாள். நான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது. பேருந்து பிடித்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நடுவர்கள் எங்கள் வரிசையைக் கடந்துவிட்டிருந்தனர். அவளுடைய இயந்திரத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

கிராங்கு தண்டைக் கடைந்து, தாங்கி ஓடுகளை மாற்றி, எஞ்சினைச் சீர்செய்ய என் மூன்று மாதச் சம்பளம் போயிற்று. அதனைச் செய்துகொடுத்த முதிய மெக்கானிக் பள்ளிப்படிப்பு அதிகமில்லாதவர். ஆயினும் எண்ணெய் இழப்பை ஆராய அவர் எனக்குக் கற்பித்த முறை, நான் பயிற்சிக் கல்லூரியில் படித்த எந்தப் பாடத்திட்டத்துக்கும் குறைந்ததன்று.

"எண்ணெய் குறைஞ்சா மூணு கேள்வி கேளுங்க, வாத்தியாரய்யா" என்பார் அவர். வெளியே போகின்றதா, உள்ளே எரிகின்றதா, தண்ணீரோடு கலக்கின்றதா? கேள்வி கேட்பதற்கு முன்னர் அளவைச் சரியாகப் பார்க்க வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எண்ணெய் அடியில் வடியச் சில நிமிடங்கள் விட்டு, கோலை எடுத்துத் துடைத்து மீண்டும் செருகி எடுத்துப் பார்ப்பது முறை. அந்த அளவையும் ஓடிய கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறித்துவரச் சொன்னார். குறிப்பு இல்லாதவன், 'நிறையக் குடிக்கின்றது' என்பான். குறிப்பு உள்ளவன், '1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர்' என்பான். இரண்டாமவனுக்குத்தான் மருந்து சொல்ல முடியும்.

வெளிக் கசிவை அறிய, இரவில் வண்டியின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைப்பார். காலையில் கறை எங்கே விழுந்திருக்கின்றது என்பதைக் கொண்டு இடத்தை ஊகிப்பார். ஆனால் ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே கறை விழுந்த இடத்தைவிடக் கசிவின் தொடக்கம் மேலேயும் முன்னேயும் இருக்கும் என்பார். முழுவதும் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு, சிறிது ஓட்டி, முதலில் எங்கே ஈரம் தெரிகின்றது என்று தேடுவதே நேர்வழி. மேல்மூடியின் காஸ்கட், அடித்தட்டின் காஸ்கட், பில்டரின் இணைப்பு, கிராங்கு தண்டு வெளிவரும் பின்முனை, அந்தப் பாழும் சுவிட்சு ஆகியவை அவர் வழக்கமாகத் தேடும் இடங்கள்.

வெளியே கசிவு இல்லையாயின் எண்ணெய் உள்ளே எரிகின்றது என்று கொள்ளலாம். புகைக்குழாயில் நீலப்புகை அதற்குச் சான்று. கறுப்புப் புகை பெட்ரோல் மிகுதியைக் காட்டும். வெண்புகை பெரும்பாலும் நீராவி. நீலம் எப்போது வருகின்றது என்பதில்தான் நுட்பம் உள்ளது. ஏற்றத்தில் வேகம் கொடுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் வளையங்களையும் தேய்ந்த சிலிண்டரையும் ஐயுறவேண்டும். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மீண்டும் மிதிக்கும்போதோ, வெகுநேரம் நின்று கிளம்பும்போதோ ஒரு கொத்தாக வந்தால் வால்வு கைடு வழியே எண்ணெய் இறங்குகின்றது. இன்னும் உறுதி வேண்டுமாயின், ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளந்து, பின்னர் ஒரு கரண்டி எண்ணெயை உள்ளே விட்டு மீண்டும் அளப்பார். அளவு ஏறினால் எண்ணெய் வளையத்தின் இடைவெளியை அடைத்தது என்று பொருள், குற்றம் வளையத்தில். ஏறாவிட்டால் வால்வைப் பார்க்கவேண்டும். பௌதிக வகுப்பில் ஒரு காரணியை மட்டும் மாற்றிச் சோதிப்பது என்று நான் கற்பித்ததை அவர் கரண்டியால் செய்தார்.

மூன்றாவது கேள்விக்கு, எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியைப் பார்ப்பார். பாலேடு போல வெளுத்த குழம்பு ஒட்டியிருந்தால் நீரும் எண்ணெயும் கலந்திருக்கின்றன. ஹெட் காஸ்கட் போயிருக்கலாம். ஆனால் அவசரப்படக் கூடாது. குளிர்காலத்தில் குறுந்தொலைவே ஓடும் வண்டியிலும் ஈரம் குளிர்ந்து அவ்வாறு படியும். ரேடியேட்டர் நீரும் குறைகின்றதா என்று பார்த்த பின்னரே முடிவு. கோலில் எண்ணெய் குறையாமல் ஏறினால் மகிழ்பவர்களை எண்ணி அவர் சிரிப்பார். பெட்ரோலோ நீரோ உள்ளே இறங்கினால்தானே அது ஏறும்?

இன்னொன்றும் சொன்னார், அதன் வரலாற்றை நான் பின்னரே அறிந்தேன். பிஸ்டனைத் தாண்டி இறங்கும் வாயு எஞ்சினின் அடிப்பகுதியில் சேர்கின்றது. முற்காலத்தில் அதனை ஒரு குழாய் வழியே வீதியில் விட்டுவிடுவர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் காற்று கெட்டு, ஹாகன்-ஸ்மித் என்னும் விஞ்ஞானி அதற்கு மோட்டார் வண்டிகளின் புகை பெருங்காரணம் என்று காட்டிய பிறகு, 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் அவ்வாயுவை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பி எரிக்கும் வால்வு வந்தது. அந்த மூச்சுக்குழாயோ வால்வோ அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல காஸ்கட்டையும் மீறி எண்ணெயைப் பிதுக்கும். காஸ்கட்டை மூன்று முறை மாற்றியும் கசிவு நிற்கவில்லை என்று வருபவர்களின் வண்டியில் அவர் முதலில் அந்தக் குழாயைத்தான் ஊதிப் பார்ப்பார்.

விளக்கின் குறும்புகளையும் அவ்வாறே வகுத்துவைத்திருந்தார். வளைவிலோ பிரேக் போடும்போதோ கண்சிமிட்டினால் எண்ணெய் அளவு குறைவு. எண்ணெய் ஒருபுறம் ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சுகின்றது. எஞ்சின் நன்கு சூடேறி, நின்ற இடத்தில் மெல்ல ஓடும்போது மட்டும் மினுக்கினால் எண்ணெய் மிக இளகிப்போயிருக்கலாம். தாங்கிகள் தேய்ந்து இடைவெளி பெருகியிருக்கலாம். சுவிட்சின் கம்பி எங்கேனும் இரும்பில் உராய்ந்தால் விளக்கு அணையாமல் எரியும். இவற்றுள் எது என்று ஊகிக்காமல், சுவிட்சைக் கழற்றி அவ்விடத்தில் கைமானியைத் திருகி, உண்மையான அழுத்தத்தை அளந்த பின்னரே வாய் திறப்பார். என் வண்டிக்கு முதலில் அதைச் செய்யவில்லை என்பதை நினைவுகூர்க.

இக்காலத்து வண்டிகளில் விளக்குகள் பெருகிவிட்டன. 1996 முதல் அமெரிக்கக் கார்களில் எஞ்சினின் குறைகளைத் தானே கண்டு குறியீடாக எழுதிவைக்கும் கருவி கட்டாயமாயிற்று. பின்னர் நம் நாட்டிலும் அது வந்தது. அதற்குரிய விளக்கு எஞ்சின் வடிவமும் மஞ்சள் நிறமும் உடையது. மஞ்சள் என்பது விரைவில் காட்டு என்பது; சிவப்பு என்பது இப்போதே நிறுத்து என்பது. எண்ணெய் எரியும் வண்டியில் புகையைத் தூய்மைசெய்யும் கருவி நாளடைவில் கெட்டு, அந்த மஞ்சள் விளக்கே எரிவதும் உண்டு. 1957 முதல் 2014 வரை உத்தர்பாராவில் செய்யப்பட்ட அம்பாசடர் போன்ற பழைய வண்டிகளை இன்றும் ஓட்டுவோர், இவ்வளவு குறிப்பில்லாமல் ஒற்றை விளக்கோடும் ஒரு கோலோடும்தான் காலம் தள்ளுகின்றனர்.

என் காரும் அவ்வகையதே. எஞ்சின் சீரானதும் முதிய மெக்கானிக் புதிய சுவிட்சைப் பொருத்தி, தொங்கிய கம்பியை மாட்டி, "சாவியைத் திருப்புங்க, இன்னும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்றார். விளக்கு எரிந்தது. "இப்போ எரியுதா? இனி இது அணைஞ்சா நம்பலாம்" என்றார். அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் அம்மாணவியின் இயந்திரத்தை மேசைமேல் வைத்து அழுத்தத்தைப் பற்றிப் பாடம் நடத்தினேன். அவளையே விளக்கச் சொன்னேன். ஓய்வு பெற்ற பின்னும் அந்த வண்டி என்னிடம் இருக்கின்றது. ஒவ்வொரு காலையும் சாவியைப் பாதி திருகி, அந்தச் சிவப்புத் தெரியும்வரை கையை எடுக்காமல் அமர்ந்திருக்கின்றேன்.